நான் பிரட்டிப் போட்ட வாள் சங்கிலி

சனிக்கிழமை காலை பத்து இருபது. எங்கள் குசினி மணிக்கூடு ஐந்து நிமிடம் முந்தி ஓடும். அதைக் கழித்துவிட்டுத்தான் இந்த நேரத்தைச் சொல்கிறேன்.

கல்லடியில் அன்று விடிந்ததிலிருந்தே காற்று. கடல் பக்கத்திலிருந்து வந்து, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, வாவிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மின்சாரம் இல்லை. பருப்புக்குத் தாளிக்க வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது.

"அம்மா, நான்தான்." என் ஒரே மகள் தர்ஷி. "என்ட போன் நனைஞ்சு போச்சு, இது வேற ஆளுட போன். செயின் வெட்டுதில்லம்மா, புகைதான் வருது. முந்தநாள் என்ன மாதிரி வெட்டினது! மஜீது காக்காட நம்பரச் சொல்லுங்க, கெதியா."

"எங்க நிக்கிறாய்?"

"புஸ்பம் அக்கா வீட்ட. சவுக்கு மரம் கூரைக்கு மேல விழுந்திட்டு. அக்கா உள்ளுக்குக் கிடக்கிறா. கூரைக் கைமரத்துக்குக் கீழ கால் மாட்டிட்டு."

அவள் கையில் இருந்தது ஒரு பழைய சங்கிலி வாள். அது ஏன் வெட்டவில்லை என்று எனக்குத் தெரியும். சங்கிலி தேயவில்லை. முதல்நாள் பின்னேரம் நாலு நாற்பதுக்கு, அவள் பெற்றோல் வாங்கப் போயிருந்த நேரத்தில், அதைக் கழற்றிப் பிரட்டி, பற்கள் பின்பக்கம் பார்க்கும்படி மாட்டிவைத்தவள் நான்.

போன வாரம் இந்தப் பத்தியில், கரடியனாற்றுக்கு எனக்கு இடமாற்றம் கிடைத்த கதையை அடுத்ததாக எழுதுவேன் என்று சொல்லியிருந்தேன். அது இருக்கட்டும். இது நடந்து மூன்று கிழமைதான் ஆகிறது. இதை எழுதாமல் வேறொன்றை எழுதக் கை வரவில்லை.

பிஸ்கட் தகரத்துக்குள் இருந்தது

அந்த வாளை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நான்தான்.

நான் கணிதம் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தின் பின்பக்கத்தில் ஒரு களஞ்சிய அறை இருக்கிறது. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த வருடம் உதவிக்கு வந்த ஒரு வெளிநாட்டுக் குழு அங்கே சில நாட்கள் தங்கியிருந்தது. அவர்கள் விட்டுப்போன சாமான்கள் அத்தனை வருடமும் அங்கேயே கிடந்தன. கிழிந்த கூடாரம், கயிற்றுக் கட்டு, திறக்க முடியாத ஒரு பெட்டி, இந்த வாள். வாள் அவர்கள் கொண்டுவந்தபோதே பழையது. பலபேருடைய கை பட்டுப் பட்டு அதன் மேலிருந்த எழுத்தெல்லாம் அழிந்துபோயிருந்தது. அறையைத் துப்புரவாக்கிய அன்று அதிபர் என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், உங்கட மகள் எஞ்சின் வேலை செய்யிறவதானே. கொண்டு போங்க. இல்லாட்டி பழைய இரும்புக்குத்தான் போகும்."

தர்ஷி வாவிக்கரையில் ஒரு சின்னக் கராஜ் வைத்து மீனவர்களின் போட் எஞ்சின்களைத் திருத்துகிறாள். வயது இருபத்தைந்து. பிறந்தநாளுக்குச் சாரி கொடுத்தால் "நல்லா இரிக்கும்மா" என்று மடித்து வைப்பாள். இந்த வாளைக் கொடுத்தபோது என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். அவள் தலைமுடியில் சம்போவையும் மீறி எப்போதும் கொஞ்சம் மண்ணெண்ணெய் மணக்கும். எனக்கு அந்த மணம் இப்போது பழகிவிட்டது. அவள் வீட்டில் இல்லாத நாட்களில் அவளுடைய தலையணையை எடுத்து மணந்து பார்த்திருக்கிறேன். இதை அவள் வாசிக்கமாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

எஞ்சினை ஒரு மாதத்தில் எழுப்பிவிட்டாள். சங்கிலிதான் மர்மமாக இருந்தது. அது தனியே ஒரு பிஸ்கட் தகரத்துக்குள், எங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழிப் பத்திரிகையில் சுற்றி, காய்ந்த கிறீசுக்குள் புதைந்து கிடந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, என் சாப்பாட்டு மேசையில், என்னுடைய நல்ல மேசைத்துணிக்கு மேல் விரித்தாள்.

"என்னம்மா இது, கிழவன்ட வாய் மாதிரி இரிக்கு."

உண்மைதான். பற்கள் தூரம் தூரமாக, எண்ணிக்கை குறைவாக இருந்தன. இருந்தவையும் மொட்டை. ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு.

"தேஞ்சு போன செயின். அதுதான் விட்டுட்டுப் போயிருக்கிறாங்க" என்றேன்.

"தேஞ்ச செயினுக்கு யாரும்மா கிறீஸ் பூசி, பேப்பரில சுத்தி, தகரத்துக்குள்ள வைக்கிற?"



மூன்று ஆணித்தலைகள்

அடுத்த இரண்டு கிழமையும் எங்கள் வீட்டில் வேறு கதை இல்லை.

சங்கிலியை இனம் காண முதலில் அதன் அளவு தெரியவேண்டுமாம். கண்ணிகளைப் பிணைக்கிற ஆணிகளில் அடுத்தடுத்து இருக்கும் மூன்று தலைகளைப் பிடித்து, முதலாவதிலிருந்து மூன்றாவது வரை அளந்து, இரண்டால் பிரிக்க வேண்டும். "ஏன் ரெண்டு தலைக்கு இடையில அளந்தா ஆகாதா?" என்று கேட்டேன். தெரியாது என்றாள். நான் என் பள்ளிக்கூடத்து அடிமட்டத்தை எடுத்து அளந்து பார்த்தேன். ஒரு இடைவெளி சிறிது, அடுத்தது பெரிது, மறுபடி சிறிது. ஒற்றை இடைவெளி பொய் சொல்லும். இரண்டின் சராசரிதான் உண்மை. அதைக் கண்டுபிடித்ததில் எனக்கு எவ்வளவு சந்தோசம்! மறுநாளே பத்தாம் வகுப்புக்குச் சராசரி படிப்பிக்க அதை உதாரணமாகச் சொன்னேன். பிள்ளைகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

வந்த அளவு கடைகளில் கிடைக்கும் எந்தச் சங்கிலியோடும் பொருந்தவில்லை. கொஞ்சம் பெரிது. பழைய வாளின் பல்சக்கரத்தில் மட்டும் அளவெடுத்துத் தைத்ததுபோல் போய் உட்கார்ந்தது.

அடுத்து அரம். உருண்டை அரத்தை எடுத்துப் பல்லைத் தீட்டப் பார்த்தாள். கிறீச்சென்று ஒரு சத்தம். அரம் வழுக்கிக்கொண்டு போனது. பல்லில் கீறல்கூட இல்லை. அரம்தான் பளபளத்தது.

"தேஞ்ச பல்லெண்டா அரம் ஏறணும்" என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் எடுத்து போனில் ஏதோ குழுவொன்றுக்கு அனுப்பினாள். ஒருவர், தூக்கி எறியச் சொன்னார். இன்னொருவர், இது பலகை அறுக்கிற சங்கிலி என்று அடித்துச் சொன்னார். மூன்றாமவர், குளிர் நாடுகளில் உறைந்த ஏரியில் பனிக்கட்டி அறுக்கச் செய்தது என்றார். என் கணவர் சாய்வுக் கதிரையில் இருந்து இதைக் கேட்டுவிட்டு, "நல்லது, வாவி உறையட்டும், அறுப்பம்" என்றார். அவர் தபால் கந்தோரில் வேலை. வீட்டில் ஒரு ஸ்குரூ ஆணியை இறுக்கவேண்டுமென்றாலும் மகளைத்தான் கூப்பிடுவார்.

ஏறாவூரில் தெரிந்துகொண்டது

கடைசியில் ஏறாவூருக்கு எடுத்துக்கொண்டு போனோம். மஜீது காக்கா அங்கே வாள், தண்ணீர் மோட்டர் எல்லாம் திருத்துகிறவர். வளைகுடா நாடொன்றில் தீயணைப்பு வண்டிகள் திருத்தும் கராஜில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். என் வயதுதான் இருக்கும். தர்ஷிக்கு அவரோடு எந்த நேரமும் வாய்ச்சண்டை.

"வாங்க டீச்சர். என்ன மகள், இண்டைக்கு எதப் பழுதாக்கிக் கொண்டு வந்தீங்க?"

"நீங்க திருத்திப் பழுதாக்கினதுகள்தான் காக்கா என்ட கராஜ் முழுக்க."

"பாத்தீங்களா டீச்சர் வாய! மாப்பிள்ளை பாக்கிறதெண்டா ஊமையாப் பாருங்க."

தகரத்தைத் திறந்து காட்டியதும் அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. சங்கிலியைப் பெற்றோல் துணியால் துடைத்து, வெளியே வெயிலுக்குக் கொண்டுபோய், ஒரு பல்லைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.

"இந்த மஞ்சள் கோடு தெரியுதா மகள்? பல்லுட நுனியில வேற உலோகம் வச்சுப் பித்தளையால ஒட்டியிருக்கு. கல்லுப் போல. அதுதான் அரம் ஏறல்ல. இதத் தீட்டுற கல்லு வேற."

"அப்ப மொட்டையா இரிக்கிறது?"

"மொட்டையாத்தான் செஞ்சிருக்கான். கூர் வச்சா ஆணியில பட்ட உடனே உடைஞ்சு போகும். முன்னால இந்த மேடு எதுக்கு? பல்லு ஒரேயடியா ஆழமாக் கடிச்சு இழுக்காம இருக்க. நல்ல மரத்துக்கு இது சரிவராது, மெதுவாத்தான் போகும். பலகையும் அறுக்கேலா. மண், ஆணி, தகரம் எல்லாம் மரத்தோட சேந்து கிடக்கிற இடத்துக்குச் செஞ்ச செயின் இது. நான் அங்க பாத்தது புதுசு. இது அதுட வாப்பா."

"எந்த மாதிரி இடத்துக்கு?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கத் தேவையில்லை. விடை எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"கூரை இடிஞ்சு விழுந்தா, டீச்சர். உள்ளுக்க இருக்கிற ஆக்கள வெளிய எடுக்கிறதுக்கு."

தர்ஷியின் முகத்தைப் பார்த்தேன். பரீட்சை முடிவு பார்க்கிற பிள்ளையின் முகம். அவர் தொடர்ந்து புத்தி சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடி போடாமல் தொடக்கூடாது, பல் நுனி உடைந்து தெறிக்கும். தடித்த இரும்பில் வைக்கக்கூடாது. மாட்டும்போது திசையைப் பார்க்க வேண்டும். பல் மொட்டையானபடியால் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று சட்டென்று தெரியாது.

நான் சாதாரணமாகக் கேட்பதுபோல், "பிழையா மாட்டினா என்ன நடக்கும்? ஆபத்தா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "ஒண்டும் நடக்காது டீச்சர். சத்தம் போடும், புகை வரும். மரம் சும்மா நிக்கும்."

இதை நான் மனதில் குறித்துவைத்துக்கொண்டேன் என்பது அவருக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. அந்த நேரம் எனக்கும் முழுதாகத் தெரியாது.

சீனி ஒட்டிய கை

என்னைக் கோழை என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நினைத்துக்கொள்ளுங்கள்.

கடல் வந்த அன்று தர்ஷிக்கு நாலு வயது. பாணுக்குள் சீனி வைத்துத் தின்றுகொண்டிருந்தாள். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு பாலத்தை நோக்கி ஓடினேன். சீனி ஒட்டிப் பிசுபிசுத்த கை. எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் சனம். ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே வந்தது, கை விடுபட்டது. திரும்பிப் பார்த்தபோது எத்தனையோ பிள்ளைகளின் தலைகள், என் பிள்ளையின் தலை இல்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம், முன்பின் தெரியாத ஒருவரின் தோளில் இருந்தாள். மிச்சப் பாண் துண்டு கையிலேயே இருந்தது. எங்கள் ஒழுங்கையில் அன்று பிள்ளைகளைத் திரும்பக் காணாத தாய்மார் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் இதை ஒரு துன்பமென்று சொல்ல எனக்கு வெட்கம்.

ஆனால் என் கை அன்றிலிருந்து அவளை விட்டதில்லை. அவள் சைக்கிள் பழகியபோது கரியரைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். அவள் வெகுநேரமாகத் தனியே ஓட்டத் தெரிந்திருந்தும் பிடித்துக்கொண்டே ஓடினேன். "விடுங்கம்மா, நீங்க இழுக்கிறதாலதான் விழுறன்" என்று அவள் அழுதாள்.

நாலு நாற்பது

வியாழக்கிழமை கடற்கரையில் வாளைச் சோதித்துப் பார்த்தாள். மணலில் பாதி புதைந்து கிடந்த ஒரு உடைந்த தோணி, துருப்பிடித்த ஆணிகளோடு. வாள் அதை வெட்டியது. மற்ற வாள்களைப் போல் நாடா நாடாவாகச் சீவவில்லை. தவிடு போல் துகள் கொட்டியது. ஆணி வந்த இடத்தில் ஒரு பொறி, ஒரு கனைப்பு, பிறகு மறுபடி ஓட்டம். பார்க்க நின்ற மீனவர்கள் கை தட்டினார்கள். நான் அவளுடைய விரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை வானொலியில் புயல் எச்சரிக்கை. ஊர் இளைஞர் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து, "அக்கா, மரம் விழுந்தா உங்களத்தான் கூப்பிடுவம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் தலையாட்டினாள். என்னை யாரும் கேட்கவில்லை.

கண்ணகை அம்மன் கோயிலுக்குப் போனேன். பூசை செய்யும் கட்டாடியாரிடம் நூல் ஓதி வாங்கி வந்து, கையை நீட்டு என்றேன்.

"கட்டேலாதம்மா. சுத்துற மெசினில நூல் மாட்டினா கையையும் சேத்து இழுக்கும்."

"அம்மன்ட நூல் அப்பிடிச் செய்யாது."

"அம்மனுக்குத் தெரியும். மெசினுக்குத் தெரியாதே."

அவள் சொன்னதில் பிழையில்லை. நூலைப் பெற்றோல் கானின் பிடியில் கட்டிவிட்டு, கானைத் தூக்கிக்கொண்டு பெற்றோல் வாங்கப் போனாள். எனக்குச் செய்யத் தெரிந்த ஒரே பாதுகாப்பு ஒரு பிளாஸ்டிக் கானைக் காவல் காக்கப் போய்விட்டது.

அப்போதுதான் வாளைப் பார்த்தேன். விறாந்தையில் சாக்குக்கு மேல் இருந்தது.

பாத்திரம் கழுவும் கையுறையைப் போட்டுக்கொண்டேன். பக்க மூடியில் இரண்டு நட். அவள் எந்த ஸ்பேனரை எடுப்பாள் என்று எனக்குத் தெரியும், எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். கழற்றினேன். சங்கிலியை எடுத்துப் பிரட்டினேன். மாட்டினேன். இறுக்கம் சரியா என்று அவள் செய்வதுபோல் விரலால் தூக்கிப் பார்த்தேன். பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. என் வாழ்க்கையில் இவ்வளவு கவனமாக ஒரு பிழையையும் நான் செய்ததில்லை.

என் கணக்கு இதுதான். நாளைக்கு எங்காவது வீதியில் மரம் விழும். இவள் வாளை வைப்பாள், வெட்டாது. "பழைய செயின், சரிவராது" என்று எல்லோரும் சொல்வார்கள். வீட்டுக்கு வந்துவிடுவாள். ஒருவருக்கும் ஒரு நட்டமும் இல்லை.

வீதியில் விழும் மரம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். கூரைக்குள் ஆள் இருப்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. மஜீது காக்கா எனக்கு முன்னால் நின்று சொல்லியும் சேர்க்கவில்லை.

திரும்பவும் பத்து இருபது

"அம்மா, நம்பரச் சொல்லுங்க!"

நான் அப்போது என்ன சொன்னேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். "ஏலாட்டி விட்டுட்டு வா மகள். வேற ஆக்கள் வருவாங்க. நீ வீட்ட வா."

"என்ன கதைக்கிறீங்க? அக்கா உள்ளுக்குக் கிடக்கிறா!"

அந்த நேரம் போனுக்குள் தூரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. எங்கள் ஒழுங்கை முழுவதற்கும் சட்டை தைப்பவர் புஸ்பம் அக்கா. தனி ஆள், வயது அறுபதுக்கு மேல். எதற்கும் கத்தித்தான் பேசுவார்.

"யாரு புள்ள போனில? டீச்சரா? அவட பிளவுஸ் கூரைத் தண்ணியில நனைஞ்சிட்டெண்டு சொல்லு. நான் துவைச்சுத் தருவன், கோவிக்க வேணாமெண்டு சொல்லு!"

என் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தேன்.

"மகள், செயின் பிழையாக் கிடக்கு. நான்தான் பிரட்டிப் போட்டன்."



"எப்ப?"

"நேத்துப் பின்னேரம்."

"இறுக்கமாப் போட்டீங்களா, லூசாவா?"

"இறுக்கமா. நீ போடுற மாதிரி."

அழைப்பு அறுந்தது. திரும்பினால் என் கணவர் கதவடியில் நின்றார். எல்லாம் கேட்டிருக்கிறார். கோபிப்பார் என்று நினைத்தேன். குடையை எடுத்து என் கையில் தந்தார். அந்தக் காற்றுக்குக் குடை! "நட நட" என்றார்.

கயிற்றுக்கு இந்தப் பக்கம்

குடை முதல் தெரு முடக்கிலேயே போய்விட்டது. கடற்கரை வீதி முழுக்கச் சவுக்கு ஊசியிலைகள் வழுக்கின. புஸ்பம் அக்கா வீட்டு வாசலில் கயிறு கட்டி, ஆட்களை மறித்து வைத்திருந்தார்கள். மரம் கூரையின் நடுவில் படுத்திருந்தது. அஸ்பெஸ்டஸ் சீற் நொறுங்கி, கைமரங்கள் உள்ளே மடிந்து, ஆணிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வேறொரு வீட்டிலிருந்து கொண்டுவந்த புது வாள் ஒன்று ஓரத்தில் கிடந்தது. ஆணியில் பட்டு அதன் பற்கள் போய்விட்டதாம்.

தர்ஷி சேற்றில் முழங்கால் போட்டிருந்தாள். இரண்டு பேர் அவளுக்கு மேல் தறப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சங்கிலியைத் திருப்பி மாட்டி, இரண்டாவது நட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிர்ந்து என்னைக் கண்டாள். மறுபடி குனிந்தாள்.

என் பக்கத்தில் நின்ற ஒருவர் சத்தமாகச் சொன்னார், "பொம்பளப் புள்ளயக் கொண்டு செயின் மாட்டினா இப்பிடித்தான். முன்பக்கம் பின்பக்கம் தெரியாம மாட்டியிருக்கு. அதுக்குள்ள மரம் ஒரு சாண் இறங்கிட்டு."

இன்னும் இரண்டு மூன்று பேர் ஓமென்று தலையாட்டினார்கள். தர்ஷியின் காது சிவந்தது எனக்குத் தெரிந்தது. "என்ட அம்மா செய்த வேலை" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"அவள் இல்ல." என் குரல் வகுப்பறைக் குரலாக வந்தது. "அவள் சரியாத்தான் மாட்டினவள். நான்தான் அவளுக்குத் தெரியாமப் பிரட்டிப் போட்டன். பயத்தில."

எல்லோரும் திரும்பினார்கள். அதில் பாதிப்பேருக்கு நான் கணிதம் படிப்பித்திருக்கிறேன். ஒரு பெண் "ஐயோ டீச்சர்" என்றாள். பேசியவர் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வாள் உறுமியது. சங்கிலி சும்மா சுற்றும்போது ஒரு சத்தம், மரத்தைப் பிடிக்கும்போது இன்னொரு சத்தம்; குரல் ஒரு படி தணியும். நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தணிவுக்காகக் காத்திருந்தேன். தணிந்தது. கண்ணைத் திறந்தபோது ஈரத் துகள் அவளுடைய சப்பாத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. ஆணி வந்தது. பொறி. கனைப்பு. மறுபடி ஓட்டம்.

உள்ளிருந்து, "மெதுவா புள்ள, என்ட தையல் மெசினுக்கு மேல விழுத்திப் போடாத!"

"மெசினுக்கு ஒண்டும் ஆகாதக்கா, நீங்க தலையக் குனியுங்க!"

முதலாவது கைமரம், இரண்டாவது, பிறகு காலுக்கு மேல் கிடந்தது. ஆறு பேர் முட்டுக் கொடுத்துத் தூக்க, புஸ்பம் அக்காவை ஒரு கதவுப் பலகையில் வைத்து வெளியே எடுத்தார்கள். கால் பார்க்க முடியாதபடி இருந்தது. வான் ஒன்றில் ஏற்றினார்கள். தர்ஷி வாளை ஒருவர் கையில் கொடுத்துவிட்டுக் கூடவே ஏறினாள். என் பக்கம் பார்க்கவில்லை.

நான் பிரட்டிப் போட்டதால் போன நேரம் எவ்வளவு, அந்த நேரத்தில் மரம் இறங்கிய தூரம் எவ்வளவு, அது இறங்காமல் இருந்திருந்தால் கால் தப்பியிருக்குமா? இந்தக் கணக்கை இன்னும் நான் போட்டுப் பார்க்கவில்லை. போடத் தெரியாதவள் அல்ல.

வந்தவள்

வீட்டுக்கு வந்து, வெட்டின வெங்காயத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். என் கணவர் பருப்பைத் தானே தாளித்தார். கடுகு கருகிவிட்டது. இரண்டு பேரும் அதையே சாப்பிட்டோம்.

பின்னேரம் காற்று விழுந்தது. பக்கத்து வீட்டுப் பெண் வந்து, "உயிருக்கு ஒண்டுமில்லையாம் டீச்சர்" என்று வேலிக்கு மேலால் சொல்லிவிட்டுப் போனாள். இளைஞர் சங்கத்துப் பெடியன்கள் வாளைக் கொண்டுவந்து விறாந்தையில் வைத்தார்கள். என்னோடு அதிகம் பேசவில்லை. நான் வாளைத் தொடவில்லை.

ஐந்தரை மணிக்குப் படலை திறந்தது. தர்ஷி வந்தாள். சேறு காய்ந்து முழங்கால் வெடித்திருந்தது. நேரே குசினிக்கு வந்து, எனக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். கப்பைப் பிடித்த விரல்களை எண்ணினேன். எண்ணுவதை அவள் கண்டாள். குடித்து முடித்தாள்.

"கணுக்கால் உடைஞ்சிரிக்கு. பிளேட் வைக்கணுமாம்" என்றாள். "நான் அக்காவுக்கு ஒண்டும் சொல்லல்ல. நீங்கதான் சொல்லணும்."

"நாளைக்கு ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போய்ச் சொல்லுறன்."

"ஓம். போற வழியில மூண்டு மரம் கிடக்கு. விடிய ஆறு மணிக்கு என்னோட வெளிக்கிடுங்க. எனக்குச் செயின் மாட்ட ஒரு ஆள் வேணும்." எழும்பி, கப்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். "பயமெண்டாப் பயப்பிடுங்கம்மா. அத என்ட கண்ணுக்கு முன்னால நிண்டு பயப்பிடுங்க."